இடுகாட்டுக்கு வரும் ஸ்திரீபார்ட்டுகள்

புதுச்சேரியில் ஆண்டு நகர்வதைத் திருவிழாக்களை வைத்துச் சொல்லிவிடலாம். மாசி மகத்தன்று சுற்றுவட்டாரக் கோயில்களின் உற்சவ மூர்த்திகள் தீர்த்தவாரிக்காக வைத்திக்குப்பம் கடற்கரைக்கு வருகிறார்கள். ஜூலை 14-இல் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் பிரெஞ்சுப் புரட்சி நாளைக் கொண்டாடுகின்றன. ஆடியில் வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேர். பிரெஞ்சு ஆளுநர்கள் அந்தத் தேரின் வடம் பிடித்தார்கள். இப்போது துணைநிலை ஆளுநர்கள் பிடிக்கிறார்கள், பெண்கள் அந்தப் பதவிக்கு வந்தபோது அவர்களும் பிடித்தார்கள். நவம்பர் 1 விடுதலை நாள். 1954-இல் பிரெஞ்சு ஆட்சி கைமாறிய நாள் அது.

இந்த வரிசையில் நவம்பர் 13 என்ற நாளைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. அன்று கருவடிக்குப்பத்தில் ஒரு விழா நடக்கிறது. கருவடிக்குப்பம் என்றதும் படித்தவர்களுக்கு நினைவுக்கு வருவது பாரதியும் குயில் தோப்பும். இன்னும் கொஞ்சம் அறிந்தவர்கள் சித்தானந்த சுவாமி கோயிலைச் சொல்வார்கள், பாரதி அந்தக் கோயிலையும் பாடியிருக்கிறார். நான் சொல்லவரும் விழா தோப்பிலோ கோயிலிலோ நடப்பதில்லை. அது நடக்கும் இடம் இடுகாடு. தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அவர் இறந்த நாளில் நாடகக் கலைஞர்கள் வருகிறார்கள். மாலை சாத்துகிறார்கள், கற்பூரம் காட்டுகிறார்கள், அவருடைய பாட்டுகளைப் பாடுகிறார்கள். அரசு சார்பிலும் மரியாதை செய்யப்படுகிறது. நாடகக்காரர்கள் அதைக் குருபூஜை என்கிறார்கள்.

இந்த ஊரில் குடியிருக்கும் ஆண்டுகளில் அந்த நாளில் நான் சிலமுறை அங்கே போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் என் கண் தேடியது கூட்டத்திலிருந்த பெண்களை. நம் சாதி வழக்கங்களில் பெரும்பாலானவற்றில் பெண்ணுக்கு இடுகாடு கிடையாது. பெற்ற தகப்பன் போனாலும் தெருமுனை வரைதான். அங்கே ஒப்பாரி வைத்துவிட்டுத் திரும்பி, வீட்டைக் கழுவி, குளித்து, ஆண்கள் வரும்போது சமையல் தயாராக இருக்க வேண்டும். அந்தத் தெருமுனையைத் தாண்டி இடுகாட்டுக்குள் வந்து, ஒரு சமாதியின் முன் நின்று குரலெடுத்துப் பாடும் பெண்கள் யார்? அவர்கள் எப்படி அங்கே வந்து சேர்ந்தார்கள்? இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

குளக்கரையில் ஒரு பெண்

சங்கரதாஸ் சுவாமிகள் 1867-இல் தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் படித்தவர். கொஞ்சகாலம் உப்புப் பண்டகசாலையில் கணக்கராக இருந்துவிட்டு நாடகத்துக்கு வந்தார். முதலில் நடிகர், பிறகு ஆசிரியர். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன், நல்லதங்காள், அல்லி அர்ச்சுனா, ஞானசௌந்தரி என்று நாற்பதுக்கும் மேற்பட்ட நாடகங்கள் அவர் பெயரில் இருக்கின்றன. 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். பின்னாளில் டி.கே.எஸ். சகோதரர்கள் என்று புகழ்பெற்ற சிறுவர்கள் அதில்தான் சேர்ந்தார்கள். கடைசியில் பக்கவாதம் வந்து கையும் வாயும் ஒடுங்கின. சிறுவர் குழு ஊர் ஊராகப் போனபோது அவரும் உடன் போனார். குழு புதுச்சேரியில் முகாமிட்டிருந்தபோது, 1922 நவம்பர் 13-இல் காலமானார். தெற்குச் சீமைக்காரர் ஒருவரின் சமாதி பிரெஞ்சு மண்ணில் அமைந்த கதை இது.

அவர் நடிப்பை விட்டதற்கு ஒரு காரணம் சொல்வார்கள். நாடகக்காரர்கள் நடுவே வழங்கிவரும் கதை அது. ஒரு வடிவத்தில் அவர் சனீஸ்வரன் வேடம் போட்டு நடித்துவிட்டு, விடிவதற்கு முன் வேடம் கலைக்கக் குளத்துக்குப் போகிறார். அங்கே துணி துவைக்க வந்த ஒரு பெண் அந்த உருவத்தைப் பார்த்த அதிர்ச்சியில் இறந்துபோகிறாள். இன்னொரு வடிவத்தில் அவர் எமனாக ஆவேசத்தோடு மேடைக்கு வர, நாடகம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்துவிடுகிறது. அதன்பின் அவர் வேடம் கட்டவில்லை, எழுதவும் கற்பிக்கவும் தொடங்கினார் என்று கதை முடிகிறது.

அவருடைய நடிப்பின் வலிமைக்குச் சான்றாகவே எல்லோரும் இதைச் சொல்கிறார்கள். பெண்ணாக இருந்து இதைக் கேட்கும்போது வேறொன்று உறுத்துகிறது. விடியாத நேரத்தில் துணி மூட்டையோடு குளத்துக்கு வந்த அந்தப் பெண் யார்? அவளுக்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை. கதை நடந்ததா கட்டப்பட்டதா என்பது இங்கே முக்கியமில்லை. ஓர் ஆசிரியர் உருவாவதற்கு ஒரு பெண்ணின் உயிரையோ கருவையோ விலையாக வைத்து ஒரு கலைமரபு தன் தொடக்கத்தைச் சொல்லிக்கொள்கிறது. அந்த விலையைக் கொடுத்தவளை அது கேட்கவே இல்லை. நம் நாடக வரலாற்றில் பெண்கள் இருக்கும் விதத்துக்கு இதைவிடப் பொருத்தமான முன்னுரை கிடைக்காது. சம்பவம் அவர்களால் நடக்கிறது. பெயர் வேறொருவருக்குப் போகிறது.

தந்தையும் தலைமையாசிரியரும்

தமிழ் இலக்கிய வரலாறு நடத்தும்போது நாடகப் பகுதிக்கு வந்தால் இரண்டு பட்டங்களைச் சொல்லியாக வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள் நாடகத் தலைமையாசிரியர். பம்மல் சம்பந்த முதலியார் நாடகத் தந்தை. அப்படியென்றால் தாய் யார் மேடம் என்று ஒருமுறை வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். வகுப்பு சிரித்தது. நியாயமான கேள்வி அது.

பம்மல் 1891-இல் சென்னையில் தொடங்கிய சுகுண விலாச சபை படித்த, உத்தியோகம் பார்த்த ஆண்களின் சபை. அங்கே பெண் வேடங்களை ஆண்களே கட்டினார்கள். ரங்கவடிவேலு முதலியார் அதில் பெயர் பெற்றவர். சங்கரதாஸ் சுவாமிகளின் பாய்ஸ் கம்பெனியில் பெண் வேடம் கட்டியவர்கள் சிறுவர்கள். மகரக்கட்டு உடையும்வரை அவர்கள் வள்ளிகள், சாவித்திரிகள். குரல் உடைந்ததும் அந்த வாழ்வு முடிந்துவிடும். குடும்பத்தைப் பிரிந்து, கடுமையான ஒழுங்குக்குள் வளர்ந்த அந்தப் பிள்ளைகளின் துயரம் தனியாக எழுதப்பட வேண்டியது. பெண்ணை மேடையில் காட்ட வேண்டும், ஆனால் பெண் மேடைக்கு வரக்கூடாது என்ற நெருக்கடியைச் சமாளிக்கக் கண்டுபிடித்த வழிதான் இந்த இரண்டும்.

அதே காலத்தில் பெண்கள் மேடையில் இல்லாமலும் இல்லை. கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் முழுக்கப் பெண்களே நடித்த கம்பெனியை நடத்தினார். தேவதாசி மரபில் வந்தவர். அவர் நாடகம் பார்ப்பதற்கென்றே ரயில் விட்டார்கள், அதற்குப் பாலாமணி ஸ்பெஷல் என்று பெயர் என்று இன்றும் சொல்கிறார்கள். ஆண் வேடங்களையும் பெண்களே கட்டிய கம்பெனி அது. சம்பளம், சாப்பாடு, உடை, பயணம் என்று அத்தனை பெண்களின் பிழைப்பையும் ஒருத்தி தலையில் சுமந்திருக்கிறாள். கடைசிக் காலத்தில் மதுரையில் வறுமையில் இறந்தார் என்று நாடக வரலாறுகள் எழுதுகின்றன. மாணவி கேட்ட தாய் அவராக இருக்கலாம். அவருக்கு அந்தப் பட்டம் கிடைக்கவில்லை, ஆண்டுக்கொரு நாளும் குறிக்கப்படவில்லை. தாசி என்ற சொல் அவர் நடத்திய நிறுவனத்தை மறைத்துவிட்டது.

சுவாமிகள் பெண்களுக்கு எதிரானவர் என்று சொல்ல வரவில்லை. திருவையாற்றில் பிறந்த டி.பி. ராஜலட்சுமி, சிறு வயதிலேயே கல்யாணம் செய்துவைக்கப்பட்டு, அது முறிந்து, தகப்பனையும் இழந்து, தாயோடு திருச்சிக்கு வந்தவர். சங்கரதாஸ் சுவாமிகளின் பரிந்துரையோடு சி.எஸ். சாமண்ணாவின் கம்பெனியில் சேர்ந்தார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படம் ‘காளிதாஸ்’ அவர் நடித்தது. 1936-இல் ‘மிஸ் கமலா’வை இயக்கித் தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநர் ஆனார். கைவிடப்பட்ட ஒரு சிறுமிக்கு அன்று திறந்த கதவு நாடகக் கதவுதான். கம்பெனிகளுக்கு வெளியே, தனித்தனிக் கலைஞர்களை ஓரிரவுக்குச் சேர்த்து நடத்தும் ஸ்பெஷல் நாடகம் வளர வளர, ஸ்திரீபார்ட் வேடம் சிறுவர்கள் கையிலிருந்து பெண்கள் கைக்கு வந்தது.

விடியும்வரை எழுதப்படும் நாடகம்

ஸ்பெஷல் நாடகம் இன்றும் மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல் வட்டாரங்களில் ஊர்த் திருவிழாக்களில் நடக்கிறது. அதன் முறையைத் தெரிந்துகொண்டால்தான் நவம்பர் 13-இன் பொருள் விளங்கும்.

விழாக் குழு ஒவ்வொரு கலைஞரையும் தனித்தனியாகப் பேசி அட்வான்ஸ் கொடுக்கிறது. ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் இன்னோர் ஊர், ஆர்மோனியம் வேறோர் ஊர். ஒத்திகை கிடையாது. இரவு பத்து மணி சுமாருக்கு மேடையில்தான் சந்திப்பு. பபூனும் டான்ஸ் பெண்ணும் முதலில் வந்து கூட்டத்தை உட்காரவைப்பார்கள். பிறகு கதை, விடியும்வரை. எல்லோருக்கும் பொதுவான ஒரே ஆதாரம் சுவாமிகளின் பாட்டுகள். முன்பின் பார்க்காத இருவர் ஒரு மேடையில் நின்று ஓரிரவு முழுவதும் நாடகம் நடத்த முடிகிறது என்றால், இருவரும் ஒரே பாடத்தை மனப்பாடம் செய்திருப்பதுதான் காரணம். அவரைக் குரு என்று இவர்கள் கும்பிடுவதற்குப் பக்தி மட்டும் காரணமில்லை. அவர்களுடைய தொழிலின் முதலீடு அவர்.

ஆனால் அந்தப் பாட்டுகள் மட்டும் ஓரிரவுக்குப் போதாது. வள்ளி திருமணத்தை எடுத்துக்கொள்வோம். தினைப்புனத்தில் ஆலோலம் பாடிக் குருவி ஓட்டும் வள்ளியிடம் நாரதர் வருகிறார், தர்க்கம் செய்கிறார். பிறகு வேலன் வேடன் உருவில் வருகிறான், மறுபடி தர்க்கம். இந்தத் தர்க்கங்கள்தான் நாடகத்தின் உயிர். சனங்கள் காத்திருப்பது அதற்குத்தான். அதில் பெரும்பகுதி புத்தகத்தில் இல்லை. எதிரில் நிற்பவர் புராணத்திலிருந்து ஒரு கேள்வி போட்டால் வள்ளி புராணத்திலிருந்து பதில் எடுக்க வேண்டும். அவர் சிலேடையில் மடக்கினால் இவள் சிலேடையில் திருப்ப வேண்டும். பெண் புத்தி பின்புத்தி என்று அவர் சீண்டினால், கூட்டம் கைதட்டும்படி அந்தச் சீண்டலை அவர்மேலேயே திருப்பிப் போட வேண்டும். நள்ளிரவு ஒரு மணிக்கு, ஆயிரம் பேர் முன்னால், எழுதிவைக்காத வசனத்தில். தமிழ் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு அரைநாளில் முடிந்துவிடும். பள்ளிப் படிப்பைத் தாண்டாத ஸ்திரீபார்ட் கலைஞர்கள் ஒவ்வொரு திருவிழாப் பருவத்திலும் இரவுக்கிரவு இந்தத் தேர்வை எழுதுகிறார்கள்.

நாடகத்தின் பாட்டுகளை எழுதியவர் ஒருவர், துறவி. நாடகத்தை ஒவ்வொரு இரவும் முழுமையாக்கியவர்கள் பலர். அவர்களில் பாதிப் பேர் பெண்கள். ஒரு நூற்றாண்டாக வள்ளியின் வாயில் வந்த பதில்களை ஆக்கியவர்கள் வள்ளியாக நின்ற பெண்களே. ஆசிரியர் என்ற சொல்லை அச்சில் பெயர் வருபவருக்கு மட்டும் ஒதுக்கினால் இவர்களுக்கு இடம் கிடைக்காது. வாய்மொழியில் ஆக்குபவரையும் ஆசிரியர் என்று ஏற்றால் தமிழ் நாடக ஆசிரியர்களின் பட்டியலே மாறிவிடும்.

இந்தப் பெண்களில் உச்சிக்கு வந்தவர் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள். எஸ்.ஜி. கிட்டப்பாவோடு அவர் நடித்த வள்ளி திருமணம் இலங்கையிலும் தமிழகத்திலும் பேசப்பட்டது. 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தபோது சுந்தராம்பாளுக்கு 25 வயது. வெள்ளைச் சேலைக்கு மாறினார், ஆண்களுக்கு ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். 1935-இல் ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராக, ஆணாகவே நடித்தார். அதற்கு அவர் வாங்கிய சம்பளம் ஒரு லட்ச ரூபாய் என்பது அந்தக் காலத்தில் ஊர்ப் பேச்சானது. கைம்மை விதித்த எல்லைக்குள் நின்றே தன் குரலுக்கு ஒரு விலையையும் அவர் நிர்ணயித்தார். இதை விடுதலை என்று சொல்லிவிட முடியாது, அடக்கம் என்று ஒதுக்கவும் முடியாது. இரண்டும் பின்னிக் கிடக்கும் இடத்தில்தான் நாடகப் பெண்களின் வாழ்க்கை நடந்திருக்கிறது.

அந்த உச்சிக்கு வராத ஆயிரக்கணக்கானோருக்கு என்ன கிடைத்தது? இரவில் தனியாகப் பஸ் ஸ்டாண்டில் நிற்கும் பெண் என்ற பார்வை கிடைத்தது. அமெரிக்க ஆய்வாளர் சூசன் சைசர் மதுரை வட்டாரத்தில் தங்கி, இந்தக் கலைஞர்களோடு பழகி, ‘ஸ்டிக்மாஸ் ஆஃப் தி தமிழ் ஸ்டேஜ்’ என்ற நூலை 2005-இல் வெளியிட்டார். நடிகைகள் தங்கள் மரியாதையைக் காக்க வண்டியில் எங்கே உட்கார்வது, வழியில் யாரோடு பேசுவது, மேடைக்கு வெளியே எப்படி நடந்துகொள்வது என்று எத்தனை நுணுக்கமாக நாளைக் கடத்துகிறார்கள் என்பதை அந்த நூல் காட்டுகிறது. சாமிக்கு நேர்ந்துகொண்டு நாடகம் வைக்கும் அதே ஊர், நாடகம் முடிந்த காலையில் அந்த நடிகையை வேறு கண்ணால் பார்க்கிறது. திருவிழாவுக்கு அவள் வேண்டும். தெருவில் அவள் வேண்டாம்.

இப்படி எல்லா ஊர்த் திருவிழாவையும் விடியும்வரை விழித்திருந்து நடத்துகிறவர்களுக்குத் தங்களுடையது என்று சொல்லிக்கொள்ள ஆண்டில் ஒரு நாள் வேண்டியிருக்கிறது. அந்த நாள்தான் குருபூஜை. கருவடிக்குப்பத்தில் அந்த நாள் ஓர் இடுகாட்டில் அமைந்தது தற்செயல். அங்கே வந்து நிற்கும் பெண்களுக்கு அந்தத் தற்செயல் ஓர் உரிமையைத் தந்திருக்கிறது. மகளாக இருந்தால் தெருமுனையில் நிற்க வேண்டியவள், மாணவியாக உள்ளே வருகிறாள். இரத்த உறவு மறுத்த இடத்தைத் தொழில் உறவு கொடுக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புதுச்சேரி, விழுப்புரம் வட்டாரம் தெருக்கூத்து மண். கூத்தில் திரௌபதியையும் ஆண்களே கட்டுவது இங்கே நெடுநாள் மரபு. தெற்கேயிருந்து உருவான நாடகத்தின் பெண்கள் இந்த மண்ணில் வந்து குரலெடுக்கும்போது, பெண் வேடம் பெண்ணுக்குத்தான் என்ற ஒரு வழக்கும் கூடவே வருகிறது.

மாம்பழமும் பேயும்

இடுகாட்டில் பாடிய பெண் என்றதும் தமிழ் படித்தவர்களுக்கு ஒரு பெயர் தோன்றியிருக்கும். காரைக்கால் அம்மையார். காரைக்கால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. அங்கே ஆனிப் பௌர்ணமியை ஒட்டி மாங்கனித் திருவிழா நடக்கிறது. பெண் கவிஞர் ஒருவருக்கு ஊரே கூடி ஆண்டுதோறும் விழா எடுப்பது நம் நாட்டில் அபூர்வம். மாப்பிள்ளை அழைப்பில் தொடங்கி, புனிதவதி பரமதத்தன் திருக்கல்யாணம் நடந்து, பிக்ஷாடனர் வீதியுலா வரும்போது வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழங்களை வீசுவார்கள். குழந்தை வேண்டும் பெண்கள் முந்தானையை ஏந்திப் பிடிப்பார்கள். அந்தப் பெண்களின் ஏக்கத்தைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. பிள்ளை இல்லாதவளை இந்தச் சமூகம் என்ன பாடு படுத்தும் என்பது நமக்குத் தெரியும்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். அம்மையார் கணவன் விலகியபின் தன் உடலின் தசையையே உதறியவர், பேயுரு வேண்டிப் பெற்றவர், திருவாலங்காட்டுச் சுடுகாட்டைப் பதிகமாகப் பாடியவர். அற்புதத் திருவந்தாதியும் திருவிரட்டை மணிமாலையும் தந்தவர். அவர் பெயரில் நடக்கும் விழாவில் ஊர் ஆசையோடு தங்குவது மாம்பழத்தில், அதாவது அவர் மனைவியாக இருந்த நாட்களில். இறைவன் காட்சி கொடுக்கும் கடைசி நிகழ்ச்சியோடு விழா நிறைவடைந்தாலும், விழாவுக்குப் பெயர் கொடுத்தது மாங்கனி. கவிதைக்கு அந்தப் பெயரில் இடமில்லை. விழா ஒருவரை நினைக்கும்போதே அவரில் எந்தப் பகுதியை நினைப்பது என்று தேர்ந்தெடுத்தும்விடுகிறது.

ஒன்றியப் பகுதியின் இரு முனைகளில் இருக்கும் இந்த இரண்டு விழாக்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. காரைக்காலில் பெண்ணின் பெயர் இருக்கிறது, அவள் ஆக்கியது பின்னுக்குப் போகிறது. கருவடிக்குப்பத்தில் பெண்கள் ஆக்கிய நாடகம் பாடப்படுகிறது, அவர்கள் பெயர் இல்லை.

மரபு எப்போது மாறும்

விழா மரபில் கை வைக்கலாமா என்ற கேள்வி உடனே வரும். முன்னோர் செய்ததை அப்படியே செய்ய வேண்டும் என்பார்கள். இந்தப் பதில் நமக்கு மட்டும் உரியதல்ல. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுகள் இருக்கின்றன. அங்கே லெர்விக் என்ற ஊரில் ஜனவரி கடைசிச் செவ்வாயன்று ‘அப் ஹெல்லி ஆ’ என்ற நெருப்புத் திருவிழா நடக்கும். பழைய வைக்கிங் வேடம் பூண்ட குழுவின் தலைமையில் நூற்றுக்கணக்கானவர்கள் பந்தம் ஏந்தி ஊர்வலம் போய், மரத்தால் கட்டிய ஒரு கப்பலைக் கொளுத்துவார்கள். பிறகு வேடக் குழுக்கள் விடியும்வரை மண்டபம் மண்டபமாகச் சென்று ஆடும். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அந்த ஊர்வலக் குழுக்களில் ஆண்களுக்கு மட்டுமே இடம். ஆண்கள் பெண் வேடம் போட்டு வருவது அங்கே வழக்கமான வேடிக்கை. பெண்கள் உடை தைத்தார்கள், மண்டபங்களில் சூப் காய்ச்சி ரொட்டி அடுக்கினார்கள், வந்த குழுக்களோடு ஆடினார்கள். பெண் வேடத்துக்கு இடம் உண்டு, பெண்ணுக்கு இல்லை. சுகுண விலாச சபையை நினைத்துக்கொள்ளுங்கள்.

சுற்றியுள்ள சிற்றூர்களின் விழாக்களில் பெண்கள் முன்பே சேர்ந்துவிட்டார்கள். லெர்விக் பெண்களும் பல ஆண்டுகள் கேட்டார்கள். மரபு என்று பதில் வந்தது. 2022-இல் விழாக் குழு அந்தத் தடையை நீக்கியது, 2023 ஜனவரி ஊர்வலத்தில் பெண்களும் சிறுமிகளும் குழுக்களில் நடந்தார்கள். பந்தங்கள் முன்போலவே எரிந்தன, கப்பலும் எரிந்தது. மரபு என்று சொல்லப்பட்டது ஒரு குழு கூடி மாற்றிக்கொள்ளக்கூடிய விதியாகத்தான் இருந்தது. அந்த விழாவும் பழங்காலத்தது இல்லை, 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இன்றைய வடிவுக்கு வந்தது. நம் சுவாமிகள் நாடகம் எழுதத் தொடங்கிய அதே காலம்.

கருவடிக்குப்பத்தில் கேட்க வேண்டியது அதைவிட எளிது. அங்கே பெண்கள் உள்ளே வந்துவிட்டார்கள். இனி அவர்களுடைய முன்னோரின் பெயர்கள் வர வேண்டும். குருபூஜை என்பது குருவை நினைப்பது மட்டுமில்லை, குருவிலிருந்து நம்மிடம் வந்து சேர்ந்த வழியை நினைப்பதும்தான். அந்த வழியைச் சொல்லும்போது டி.கே.எஸ். சகோதரர்கள், கிட்டப்பா என்று பெயர்கள் வருகின்றன. அவை வரட்டும், வர வேண்டியவை. கூடவே பாலாமணியும் ராஜலட்சுமியும் சுந்தராம்பாளும் வரவேண்டும். பவளக்கொடியை மேடையிலும் 1934-இல் திரையிலும் நடித்த எஸ்.டி. சுப்புலட்சுமி வர வேண்டும். அவர்களுக்குப் பின்னால் வள்ளியாகவும் சாவித்திரியாகவும் நல்லதங்காளாகவும் நின்ற, படத்துக்குப் போகாத பெண்கள் வர வேண்டும்.

அவர்களின் பெயர்கள் எங்கே கிடைக்கும் என்று கேட்கலாம். வழி இருக்கிறது. ஒவ்வொரு ஸ்பெஷல் நாடகத்துக்கும் நோட்டீஸ் அடிப்பார்கள். மெல்லிய தாளில் கலைஞர்களின் படம், பெயர், ஊர், வேடம், நாடகம் நடக்கும் இடம், தேதி எல்லாம் இருக்கும். இலக்கிய வரலாறு தராத இடத்தை அந்த அச்சுத்தாள் நடிகைக்குத் தந்திருக்கிறது. தெருவில் அவளைக் குறைத்துப் பேசும் ஊர்கூட, நோட்டீஸில் அவள் பெயரைப் பட்டத்தோடுதான் அச்சடிக்கிறது. திருவிழா முடிந்ததும் அந்தத் தாள் கடலை மடிக்கப் போய்விடும். நாடகத் தொழிலில் இருந்த வீடுகளில், டிரங்குப் பெட்டிகளின் அடியில் சில தப்பியிருக்கும்.

புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளிக்கு சங்கரதாஸ் சுவாமிகளின் பெயர்தான் வைக்கப்பட்டது. இங்கே நாடகமும் தமிழும் படிக்கும் மாணவியர் ஏராளம். பெண்ணிய நோக்கில் தமிழ் அரங்கைப் பேச அ. மங்கை போன்றோர் முன்பே வழி போட்டிருக்கிறார்கள். ஆய்வுக்கு என்ன தலைப்பு எடுக்கலாம் என்று என்னிடம் வரும் மாணவியரிடம் இப்போதெல்லாம் நான் சொல்வது இதைத்தான். ஒரு மாவட்டத்தை எடுத்துக்கொள். அங்கே நாடகத் தொழிலில் இருந்த குடும்பங்களைப் போய்ப் பார். நோட்டீஸ் இருந்தால் தேதியோடு படியெடு. ஸ்திரீபார்ட் பெயர்களைத் தனியாக எழுது. பாட்டி உயிரோடு இருந்தால், நாரதரிடம் என்ன பதில் சொன்னாய் என்று கேட்டு அந்தப் பதிலையும் எழுது, அதன் கீழே ஆசிரியர் என்று அவள் பெயரைப் போடு. நவம்பர் மாதம் அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு கருவடிக்குப்பத்துக்கு வா. கற்பூரம் காட்டி முடித்ததும் ஒவ்வொரு பெயராகப் படிக்கலாம்.